நெட்டை ஜாக்கிக்கு ஓர் இடம்

ஆடு குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். மற்றதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பின்னால் ஏதோ அறுந்தது, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டு ஓடிவந்தது, முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி சிதறியது. வண்டி நின்றபோது ஆடு சாலையைக் கடந்து சரிவில் இறங்கி, ஒன்றும் நடவாததுபோல் ஒரு புதரைக் கடிக்க ஆரம்பித்திருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து சீட்டில், சக்கரம் புதைந்தால் வண்டியைத் தூக்கும் நெட்டை ஜாக்கி இருந்தது. சீட்டின் தலைசாய்க்கும் மெத்தையைப் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டு, பஞ்சைத் தள்ளிக்கொண்டு, அதன் இரும்பு மூக்கு முன்பக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் அவருடைய பிடரி இருக்கும் இடம் அது.

அந்த இடத்தில் வழக்கமாக உட்காருகிறவர் அவளுடைய மாமனார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மாமியார் போன பிறகு, வீட்டில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது என்று ஒரு நாள் மருமகளோடு வண்டியில் ஏறினார். அதற்கப்புறம் இறங்கவே இல்லை. மேட்டுக் குடியிருப்புகளில் இருக்கும் கடைகளுக்கு மாவு, சர்க்கரை, சோப்பு, சிமெண்டு என்று எல்லாவற்றையும் அவள்தான் ஏற்றிக்கொண்டு போவாள். பாதை என்று பெயருக்கு ஒன்று உண்டு. மழை அதைப் பாதி தின்றுவிட்டது. கல் குவாரியைத் தாண்டினால், நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டியைத் தவிர வேறு எதுவும் ஏறாது. மேலே இருப்பவர்களுக்கு அவள் டிரைவரம்மா. டிரைவரம்மா இருந்தால் கண்டக்டர் வேண்டாமா என்று மாமனார் கேட்பார். வளைவுக்கு வளைவு ரைட் கொடுப்பார்.

அன்றைக்கு, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, கால் மரத்துப்போய்விட்டது என்று மேல் வளைவிலேயே இறங்கிக்கொண்டார். குறுக்குப் பாதையில் நடந்து வருகிறேன், கீழே ஏற்றிக்கொள் என்றார். அவள் இரண்டு வளைவு இறங்குவதற்குள் ஆடு வந்துவிட்டது.

அவர் சரிவிலிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மெல்ல இறங்கி வந்தார். கதவைத் திறந்தார். பார்த்தார். 

பிறகு, "யாரும்மா இது, டிக்கெட் எடுக்காம என் சீட்ல உக்காந்திருக்கிறது?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அதை விட மறுத்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

நெட்டை ஜாக்கி என்பது கார் டிக்கியில் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கிற சமாச்சாரம் அல்ல. நிறுத்தினால் அவள் மார்பளவுக்கு வரும். உடம்பெல்லாம் துளையிட்ட ஒரு கனத்த சட்டம். அதில் ஒவ்வொரு துளையாகப் பற்றி, குரங்கு மரம் ஏறுவதுபோல் ஏறுகிற ஒரு பிடிப்பு. அடித்து அடித்து ஏற்றுவதற்கு ஒரு நீளக் கைப்பிடி. சேற்றில் அச்சுவரை புதைந்த வண்டியைக்கூட அது தூக்கிவிடும். தூக்கிப் போட ஆள் பலம் வேண்டும். அப்படிப்பட்டதை அவள் வண்டியின் பின்பக்கத்துக் கம்பி அடைப்பின்மேல், நீளவாக்கில், கொக்கி வைத்த இரண்டு ரப்பர் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். இத்தனை காலமும் ரப்பர் தாங்கியது. அவளும் அதை மறந்துபோயிருந்தாள்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. கடைக்காரர் சொன்னார், கண்ணாடி மாட்டியவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை சொன்னாள். போனது உண்மைதான். ஆனால் அவளுக்கு மட்டும் அது போகவில்லை. சோற்றுப் பானையின் மூடி நழுவினால் தூக்கிவாரிப் போட்டது. எதிர்வீட்டில் ஷட்டரை இழுத்தால் முதுகு சுருங்கியது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் போக இடமில்லை. இருப்புக் கொள்ளாமல் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தாள். கணவன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஓர் எழுத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நிதானசாலி.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ரெண்டு நாள் போனா சரியாயிடும்" என்றார்.

"பேய் இல்லைங்க. இரும்பு" என்றாள்.

முதலில் அவள் செய்த காரியம், ஜாக்கியைத் தூக்கிக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனதுதான். மாமனாரைக் கூப்பிட்டாள். மூட்டு வலிக்கிறது, நீ போயிட்டு வாம்மா என்றார். தனியாகப் போனாள். அந்தக் கடன்கார மலை அதற்காகவே காத்திருந்ததுபோல், பாதி வழியில் பின் சக்கரத்தை ஓடைப் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டது. ஜாக்கி இருந்திருந்தால் சக்கரத்தைத் தூக்கி, அடியில் கல்லை அடுக்கி, காபி ஆறுவதற்குள் கிளம்பியிருப்பாள். கல் குவாரி டிராக்டர் ஒன்று அந்தப் பக்கம் வரும்வரை மாவு மூட்டைகளோடு மாவு மூட்டையாக உட்கார்ந்திருந்தாள். டிராக்டர்காரர் சங்கிலியைக் கட்டிக்கொண்டே, ஜாக்கி இல்லாமலா இந்த ரோட்டுக்கு வருவார்கள் என்று கேட்டார். 

ஆக, அது இல்லாமலும் போக முடியாது. இருந்தால் மூச்சுவிட முடியாது. அதற்கு வண்டியில் ஓர் இடம் பார்த்தாக வேண்டும். அசையாத இடம்.

மறுநாள் காலை மௌனசாமியின் பட்டறைக்குப் போனாள். மௌனசாமி வெல்டர். அவன் வாய் ஓயாது என்பதால் யாரோ புண்ணியவான் வைத்த பெயர் அது. முகமூடியைப் போட்டுக்கொண்டு பற்றவைக்கும்போதுகூட உள்ளேயிருந்து பேச்சு வந்துகொண்டிருக்கும். அவளைக் கண்டதும் அவன் ஆட்டைப் பற்றி, ஆட்டின் சொந்தக்காரரைப் பற்றி, தன் சித்தப்பா வண்டியில் ஒரு முறை ஏணி பறந்ததைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தபிறகு, எங்கே மாட்டலாம் என்று கேட்டான்.

பின்னாலேயே வந்திருந்த கணவன், பானெட் மேல் மாட்டினால் என்ன, நிறைய வண்டிகளில் அப்படித்தான் இருக்கிறது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்றார். அவள் வேண்டாம் என்றாள். ஓட்டும்போது கண்ணுக்கு நேரே அது கிடந்தால் பாதை தெரியாது, அதுதான் தெரியும். கூரைமேல் வைக்கலாம் என்றான் மௌனசாமி. அவ்வளவு கனத்தை உச்சியில் ஏற்றினால் சரிவில் வண்டி தள்ளாடும், சேற்றில் நின்றுகொண்டு தலைக்கு மேலிருந்து இறக்கவும் முடியாது என்று பிறகு அவனே சொன்னான். பின் பம்பரில் மாட்டினால் சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் ஏறுகிற பிடிப்புக்குள் போய், தேவைப்படும்போது கல்லாய் இறுகிக்கொள்ளும்.

"அப்ப எங்கதான் வைக்கிறது, மடியிலயா?" என்றான்.

அவள் வண்டியின் பின்பக்கத்தில் ஏறினாள். கேபினுக்கு முதுகு கொடுத்து நிற்கும் முன் தடுப்பைத் தட்டினாள். "இங்க. குறுக்குவாட்டுல. கண்ணாடிக்குக் கீழ. நான் பிரேக் போட்டா அது இந்தச் சுவத்துலதான் போய் அழுத்தணும். அதோட மூக்கு யாரையும் பார்க்கக்கூடாது."

மௌனசாமி ஒரு கணம் உண்மையிலேயே மௌனமானான். பிறகு அளவுகோலை எடுத்தான். குறுக்கே படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு இடம் மிஞ்சியது. தடுப்புத் தகட்டில் இரண்டு துளை போட்டு, கட்டைவிரல் பருமனுள்ள போல்ட்டுகளை வெளியே நீட்டும்படி பொருத்தினான். ஜாக்கியின் சட்டத்தில்தான் உடம்பெல்லாம் துளையாயிற்றே, இரண்டு துளைகளை அந்த போல்ட்டுகளில் கோத்து, கையாலேயே திருகக்கூடிய பெரிய நட்டுகளால் இறுக்கினார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. அவள் அதைப் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. காலை வைத்து உதைத்தாள். ஆடவில்லை. கண்டக்டர் பட்டறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுபோல இருக்கிறது என்றார். உள்ளே வரவில்லை.

அன்று சாயங்காலமே, மழை ஓடி மேடுபள்ளமாகிக் கிடந்த பழைய செங்கல் சூளைப் பாதையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தாள். முதல் பள்ளத்திலேயே சத்தம் வந்தது. கடகடவென்று, பல் கிட்டித்துக்கொள்வதுபோல். நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தாள். ஜாக்கி அசையவில்லை, அதன் கைப்பிடிதான் ஆடியது. சட்டத்தோடு சேர்த்துத் தன் துப்பட்டாவால் கட்டிவிட்டு மீண்டும் ஓட்டினாள். சத்தம் நின்றது. ஆனால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு பள்ளம் தாண்டியதும் இறங்கிப் பார்த்தாள். இருட்டு விழுவதற்குள் அவள் தேடியது கண்ணில் பட்டது. ஒரு போல்ட்டைச் சுற்றித் தகடு குழிந்திருந்தது. குழியின் விளிம்பிலிருந்து தலைமுடி போல் ஒரு விரிசல் கிளம்பியிருந்தது.

பயந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அந்த விரிசலைப் பார்த்ததும் அவளுக்கு ஒருவித ஆறுதல் உண்டானது. தன் மனம் தன்னை ஏமாற்றவில்லை.

மௌனசாமி விரிசலைப் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தான். "தகட்டைப் போய் நம்பினேன் பாருங்க. பாறைய பப்படத்துல மாட்டி வச்ச மாதிரி ஆயிடுச்சு" என்றான். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை தகட்டுக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை. தரைப் பலகைக்கு அடியில் வண்டியின் குறுக்கே ஓடும் கனத்த இரும்பு உத்தரத்திலிருந்து இரண்டு தூண்களை மேலே கொண்டுவந்தான். ஒவ்வொன்றின் காலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை, பட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை, நடுவில் போல்ட். தூண்களின்மேல் ஜாக்கி படுத்தது. இரும்பும் இரும்பும் தொடும் இடங்களில் கணவன் பழைய டயர் டியூபை வெட்டி மெத்தை வைத்தார். ஏறுகிற பிடிப்பின்மேல் அதே ரப்பரில் ஒரு உறை தைத்துப் போட்டார், மண் போகாமலிருக்க. கைப்பிடியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க ஒரு வளையம். வெளி முனையில் ஒரு பூட்டு.

எல்லாம் முடிந்து அவள் ஸ்பானரோடு நான்காவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தபோது, கணவன் வெள்ளைப் பெயிண்டும் மெல்லிய தூரிகையும் எடுத்து வந்தார். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்து தூண்வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டார். கை நடுங்காத கோடு.

"நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு தெரியும். தினம் ஸ்பானர் போட வேணாம். கண்ணால பார்த்தா போதும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். அடுத்த நாள் காலை கோட்டைப் பார்த்தாள். நேராக இருந்தது. ஆனாலும் ஸ்பானரைப் போட்டாள்.

வண்டி மீண்டும் மலை ஏறியது. ஜாக்கி வாய் திறக்கவில்லை. ஆனால் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. கிழிந்த மெத்தையை மாற்றியாயிற்று, கண்ணாடி புதிது, மாமனார்தான் வரவில்லை. மூட்டு வலி போய் வயிற்றுக் கோளாறு வந்தது. அது போனதும் பழைய சிநேகிதர் யாரோ வருவதாகச் சொன்னார். சிநேகிதர் வரவில்லை. அவர் வீட்டிலும் இருக்கவில்லை. காலையில் இவள் வண்டியை எடுக்கும் முன்பே வெளியே போய்விடுவார், கால் போன போக்கில் நடப்பார், எங்கேயும் உட்காருவதில்லை. கூடத்தில் சாப்பிடும்போதுகூடச் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்றபடியே சாப்பிட்டார். கண்டக்டர் உத்தியோகத்தில் நின்று நின்று பழகிவிட்டது என்றார். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாயிற்று.

மருமகளுக்கு அது வேறு விதமாகப் பட்டது. அவர் தன்னை நம்பவில்லை. தன் கையால் கட்டியதுதானே அறுந்தது. தூணுக்கு இன்னொரு முட்டுக் கொடுக்கச் சொன்னாள், மௌனசாமி கொடுத்தான். போல்ட்டுகளை இன்னும் பருமனாக மாற்றச் சொன்னாள். அவன் மாற்றவில்லை. இதற்கு மேல் இறுக்கினால் வண்டியைக் கழற்றி ஜாக்கியில் மாட்ட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டான். வண்டியோடு பட்டறை வாசலிலேயே நின்றாள். போக மனசில்லை.

பிறகு கிளம்பி, வழியில் டீசல் போட நிறுத்தினாள். எதிரே டீக்கடை. கடைக்கு வெளியே நாலைந்து பேர், நடுவில் மாமனார், நின்றபடி. அவர் குரல் சாலையைத் தாண்டிக் கேட்டது. ஆட்டுக்கதைதான். ஊரில் அதைக் கேட்காத காது இல்லை. ஆனால் அவள் இதுவரை முழுதாகக் கேட்டதில்லை. கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள்.

அவருடைய கதையில் அவர் மேல் வளைவில் இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆடு குறுக்கே வந்தபோது அவருடைய செருப்பு வார் அவிழ்ந்ததாம். குனிந்தாராம். குனிந்த முதுகுக்கு மேலே விஷ்க் என்று ஒரு காற்று. நிமிர்ந்து பார்த்தால் தலை இருந்த இடத்தில் இரும்பு. சொல்லும்போது அவர் கை தன்னால் பிடரிக்குப் போயிற்று. அங்கேயே தடவிக்கொண்டு நின்றது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர் இன்னொரு கையிலிருந்த டீ தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது சாலைக்கு அந்தப் பக்கம் மருமகள் நிற்பதைப் பார்த்தார். மிச்சக் கதையை விழுங்கிவிட்டு டம்ளரை வைத்தார். நேராக வண்டிக்கு வந்தார். அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் கதவைக் கடந்து பின்னால் போய், கம்பியைப் பிடித்து ஏறி, தூணை ஒட்டி நின்றுகொண்டார்.

"நான் இங்க நின்னு காத்து வாங்கிட்டு வரேன். போலாம் ரைட்" என்றார்.

மேலே ஒரு கடைக்குக் கொஞ்சம் சோப்புப் பெட்டிகள் மட்டும் போக வேண்டியிருந்தது. அவரைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு அவள் ஊர்ந்தாள். அவ்வளவு மெதுவாக அந்த வண்டி ஓடியதே இல்லை. சைக்கிளில் வந்த தபால்காரர்கூடத் தாண்டிப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கண்டக்டர் இரண்டு கையாலும் அடைப்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். அது காற்று வாங்குகிற முகமாக இல்லை.

ஆடு வந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தாள். இறங்கிப் பின்னால் போனாள்.

"முன்னாடி வந்து உக்காருங்க மாமா."

"இங்கயே நல்லா இருக்கும்மா."

"நான் கட்டினது மேல நம்பிக்கை இல்லையா? நேராச் சொல்லுங்க."

அவர் பதறிப்போனார். அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்றார். பக்கத்துத் தூணைத் தட்டிக் காட்டினார், ஜாக்கியைத் தட்டிக் காட்டினார், நம்பாமலா இதை ஒட்டி நிற்கிறேன் என்றார். பிறகு கம்பியில் சாய்ந்து, சரிவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முதல்ல எல்லார்கிட்டயும் நடந்ததத்தான் சொன்னேன். நான் வண்டியில இல்லன்னு. கேட்டவன் எல்லாம் அவ்ளோதானான்னு போயிட்டான். சரி, கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்போமேன்னு உக்காந்திருந்த மாதிரி சொன்னேன். அப்புறம் குனிஞ்ச மாதிரி. சொல்லிச் சொல்லி இப்ப நெஜமாவே உக்காந்துட்டேம்மா. இறங்க முடியல. எந்த சீட்ல உக்காந்தாலும் இங்க வந்து குறுகுறுங்குது." பிடரியைக் காட்டினார். "பஸ்லகூட நின்னுக்கிட்டுதான் போறேன். வெளிய சொன்னா சிரிப்பானுங்க."

அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. வண்டியின் பின்பலகையில் அவர் காலருகே உட்கார்ந்தாள். தான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அன்றைக்கு அவர் இறங்கியபோது அவளுக்கு எரிச்சல் வந்தது. அடிக்கடி நிறுத்தினால் எப்போது வீடு போய்ச் சேருவது என்று உள்ளுக்குள் முணுமுணுத்தாள். நிறுத்தாமலே போயிருப்பாள். அவர் கதவைத் தட்டியதால்தான் நிறுத்தினாள்.

"ஒவ்வொரு தடவை பிரேக்ல கால் வைக்கும்போதும் அதுதான் வருது மாமா. நிறுத்தாம போயிருந்தா."

"நீ நிறுத்தின. அவ்ளோதான் கணக்கு."

"அது எனக்கும் தெரியுது. காலுக்குத் தெரியல."

 கீழே எங்கோ ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு ஏறிவரும் சத்தம். கண்டக்டர் திடீரென்று கீழே குதித்தார். மூட்டு வலிக்காரர் குதிக்கிற குதியாக இல்லை அது.

"காலுக்குத் தெரிய வைப்போம். நீ மேல போய்த் திருப்பிட்டு வா. நான் இங்க ஓரமா நிக்கிறேன். கை காட்டினதும் அன்னைக்குப் போட்ட மாதிரியே போடு. நான் இதையே பார்த்துக்கிட்டிருக்கேன், அசையுதா இல்லையான்னு."

சோப்புப் பெட்டிகளைச் சாலையோரம் இறக்கி வைத்தார்கள். அவள் மேலே போய்த் திருப்பி, இறக்கத்தில் வந்தாள். வளைவில் அவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கை இறங்கியது. அவள் கால் பிரேக்கைத் தொட்டது, ஆனால் மிதிக்கவில்லை. வண்டி அவரைக் கடந்து போய் மெல்ல நின்றது.  மறுபடி என்று மட்டும் கையைச் சுழற்றிக் காட்டினார்.

மறுபடி வந்தாள். அரை மனதோடு மிதித்தாள். மறுபடி என்றார். அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்க மிதித்தாள். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, சரளையை வாரி இறைத்துக்கொண்டு, வண்டி மூக்கைத் தரையில் குத்தி நின்றது. அவள் தோள்கள் காதுவரை ஏறி நின்றன. பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. புழுதிதான் மெல்ல வந்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது.

"மறுபடி" என்றார் கண்டக்டர். அவர் முகத்தில் இப்போது ஒரு வேகம் இருந்தது.

ரப்பர் கருகுகிற வாசம் வரும்வரை செய்தார்கள். குவாரிக்கு ஏறி வந்த கல் லாரி வளைவில் நின்றுவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, என்ன விஷயம் என்று கேட்டார். லைசென்சுக்கு டெஸ்ட் வைக்கிறேன், பாஸா பெயிலா இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார் கண்டக்டர். லாரிக்காரர் அவளைப் பார்த்தார், சாலையோரம் அடுக்கியிருந்த சோப்புப் பெட்டிகளைப் பார்த்தார், கியரைப் போட்டுப் போய்விட்டார்.

பெட்டிகளைத் திரும்ப ஏற்றியபிறகு மாமனார் பின்னால் ஏறிக் கோடுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. இறங்கி வந்து பக்கத்துக் கதவைத் திறந்தார். சீட்டின் ஓரத்தில், கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். அப்படியே இருந்தார். அவள் இஞ்சினைப் போடவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. ஒரு காலை உள்ளே எடுத்தார். அப்புறம் இன்னொன்றை. முதுகைச் சாய்க்காமல் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.

போகலாம் என்று அவர் சொல்லவில்லை. அவளாகத்தான் வண்டியை மேல்நோக்கித் திருப்பிக் கிளப்பினாள்.

இரண்டு வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். இறங்கி, அடுத்த வளைவுவரை நடந்தார். அவள் பின்னாலேயே ஊர்ந்து போனாள். மறுபடி ஏறினார். மேலே போய்ச் சேருவதற்குள் இப்படி எத்தனையோ முறை. ஒரு முறைகூட அவளுக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனாலும் கேட்டபோதெல்லாம் நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அவர் ஒரு நாள் வருவார், ஒரு நாள் வரமாட்டார். வராத நாளில் காரணம் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். இன்னைக்கு வேணாம்மா என்பார், அவ்வளவுதான். டீக்கடையில் யாராவது ஆட்டுக்கதையைக் கேட்டால், நான் அப்ப வண்டியிலயே இல்லப்பா, நடந்து வந்துக்கிட்டிருந்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் நாள் டீக்கடையே அவரைக் கோபித்துக்கொண்டது. அப்போ செருப்பு வார் என்னாச்சு என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். தான் வேறு ஊரில் அதே கதையை நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டதே, இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது அந்தச் சண்டைக்காரருடைய வருத்தம்.

மழை தொடங்கிய வாரம், மாவு மூட்டைகளோடு ஏறும்போது முன் சக்கரம் சாலையின் கரையை இடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. அன்றைக்கு மாமனார் கூட இருந்தார். அவள் பூட்டைத் திறந்து, நட்டுகளைத் திருகி, ஜாக்கியைத் தூக்கி இறக்கினாள். அதைத் தொடும்போது கை ஒரு கணம் தயங்கியது. பிறகு வழக்கம்போல் பலகையைப் போட்டு, சட்டத்தை நிறுத்தி, உடம்பைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டு கைப்பிடியை அடித்தாள். வண்டி துளை துளையாக எழுந்தது. அவர் மழையில் நனைந்துகொண்டே சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்கினார். இந்தக் கல் வேண்டாம், அந்தக் கல் என்று இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டார்கள்.

மேலே கடையில் சரக்கை இறக்கும்போது அவர் வழக்கம்போலக் கடைக்காரரோடு மூட்டை நனைந்ததா இல்லையா என்று வாதம் பண்ண ஆரம்பித்தார். அது சுலபத்தில் முடிகிற வாதம் இல்லை. அவள் கிடங்குக்குள் போய், அடுக்கி வைத்திருந்த காலிச் சாக்குகளின்மேல் சும்மா முதுகைச் சாய்த்தாள். வெளியே ஒரு பெட்டி கீழே விழுந்து டமார் என்றது. அவளுக்கு அது கேட்டது. கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

மாமனார் வந்து பார்த்தபோது அவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, வாதத்தை வாசலுக்குக் கொண்டுபோனார்.

மழை வலுக்கும்போலத் தெரிந்ததும் திரும்பி வந்து சாக்கைத் தட்டினார்.

"எந்திரிம்மா. ஓடையில தண்ணி ஏறிட்டா இன்னைக்கு ராத்திரி இந்தக் கடைக்காரன் வீட்லதான் படுக்கணும். அவன் குறட்டை விடுவான்."

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சாவியைத் தேடினாள்.